சாமை மெஷினுக்குச் சொந்த ஊர் எது?

கொல்லிமலையில் சாமையை விளைவிப்பதுகூடப் பரவாயில்லை, அதை அரிசியாக்குவதுதான் பெரும்பாடு. மணி சிறிசு, உமி விடாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். உரலில் போட்டுக் குத்தி, முறத்தில் புடைத்து, மறுபடியும் குத்த வேண்டும். இது முழுக்கப் பெண்களின் தலையில் விழுந்த வேலை. மரவள்ளிக் கிழங்கைப் பிடுங்கி லாரியில் ஏற்றினால் சேகோ ஆலைகளிலிருந்து பணம் வரும் என்றான பிறகு உலக்கையை யார் தொடுவார்கள்? மலையில் சிறுதானியப் பரப்பு சுருங்கியதற்கு இதுவும் ஒரு காரணம். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே விதைகளைக் காப்பதோடு நிற்காமல், உமி நீக்கும் மெஷின்களையும் ஊர்க் குழுக்களிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது இதனால்தான்.

இன்று ஒரு மகளிர் குழு அப்படி ஒரு மெஷின் வாங்கப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். 2020-ல் மத்திய அரசு தொடங்கிய குறு உணவுப் பதப்படுத்தும் தொழில்களுக்கான திட்டத்தில் 35 சதவீதம் மானியம் கிடைக்கும். கையில் இரண்டு கொட்டேஷன்: ஒன்று கோயம்புத்தூர் பட்டறை, இன்னொன்று சீன மெஷின். எதை வாங்குவது நியாயம்?

“நம்ம ஊர் மெஷின்” என்று சட்டென்று சொல்லிவிடலாம். ஆனால் அந்த நம்ம ஊர் மெஷினின் மூடியைக் கழற்றிப் பாருங்கள். பேரிங் ஐரோப்பியக் கம்பெனியுடையதாகவோ ஜப்பான் கம்பெனியுடையதாகவோ இருக்கலாம். மோட்டாருக்குள் சுற்றியிருப்பது தாமிரக் கம்பி. தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் தாமிர ஆலைக்கு எதிரான போராட்டத்தின்போது 2018 மே மாதம் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் செத்தார்கள். அந்த ஆலை மூடப்பட்டது. அதுவரை சுத்திகரித்த தாமிரத்தை வாங்குவதைவிட அதிகமாக வெளியே விற்றுவந்த நாடு, அதன்பிறகு விற்பதைவிட அதிகமாக வாங்குகிறது. ஆலையை மூடியது சரி என்பதே என் கட்சி. ஆனாலும் மோட்டாருக்குத் தாமிரம் வேண்டியிருக்கிறது. அதை உருக்கும் புகை இப்போது வேறு ஏதோ ஒரு நாட்டில் போகிறது, அவ்வளவுதான்.

கொல்லிமலைக்காரர்களுக்கு இந்தக் கணக்கை யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. அவர்களே ஒரு காலத்தில் விநியோகச் சங்கிலியின் மூலப்பொருள் முனையில் இருந்தவர்கள். அங்கே மலையை வெட்டியெடுத்த பாக்சைட் மேட்டூர் மால்கோ அலுமினிய ஆலைக்குப் போனது. 1960-களில் இத்தாலியின் மான்டெகாட்டினி நிறுவனத்தின் ஒத்துழைப்போடு எழுந்த ஆலை அது. 1990-களில் ஸ்டெர்லைட் குழுமத்தின் கைக்கு மாறி, 2008-ன் கடைசியில் நின்றுபோனது. ஒரு டன் அலுமினியத்துக்குச் சுமார் 4 டன் பாக்சைட் வேண்டும். உலோகம் ஊர் ஊராகப் போய்விட்டது. கழிவான செம்மண் சேறு மேட்டூரில் குவிந்தது. அந்த அலுமினியத்தில் பாத்திரமோ மெஷினோ வாங்கியவர் யாரும் கொல்லிமலையைப் பற்றிக் கேட்டிருக்க மாட்டார்.

இப்படிக் கேட்க வைக்கும் சட்டங்கள் சமீபத்தில்தான் வந்தன. சீனாவின் ஷின்ஜியாங் பகுதியில் செய்த பொருள் எதுவும் கட்டாய உழைப்பில் உருவானது என்றே கொள்ளப்படும், அப்படியில்லை என்பதை இறக்குமதி செய்பவர்தான் நிரூபிக்க வேண்டும் என்கிற அமெரிக்கச் சட்டம் 2022 ஜூனில் நடைமுறைக்கு வந்தது. 2024-ல் கூடுதலாகக் கண்காணிக்க வேண்டிய துறைகளின் பட்டியலில் அலுமினியமும் சேர்ந்தது. இதில் அமெரிக்காவின் வர்த்தகக் கணக்கும் கலந்திருக்கிறது என்பது தெரிந்த விஷயம்தான். கேள்வி அதனால் தப்பாகிவிடாது. ஐரோப்பியத் துணிக் கம்பெனிகள் கல்யாணச் செலவுக்குப் பணம் தருவதாகச் சொல்லி இளம்பெண்களை வேலைக்கு வைத்த நம் நூற்பாலைகளின் ‘சுமங்கலி’ திட்டத்தைப் பற்றிக் கேட்டபோது நமக்கும் கோபம் வந்தது. விற்கும் இடத்தில் நின்று பதில் சொல்லிப் பழகிய நாம், வாங்கும் இடத்துக்கு வந்ததும் விலையை மட்டும் கேட்கிறோம்.

அதற்காகக் கொல்லிமலைச் செம்மேட்டில் ஒரு மகளிர் குழு சீனத் தொழிற்சாலையை ஆய்வு செய்ய முடியுமா? முடியாது, செய்யச் சொல்வதும் அநியாயம். அவர்களால் பார்க்க முடிந்தது வேறு: மெஷின் நம் தானியத்துக்கு ஏற்றதா, கெட்டுப்போனால் யார் சரிசெய்வார்கள்?

நெல்லுக்கான ரப்பர் ரோல் மெஷினில் இரண்டு உருளைகள் வெவ்வேறு வேகத்தில் சுற்றி உமியை உரித்தெடுக்கும். நெல்லின் அளவுக்குச் செய்த அந்த மெஷினில் சாமையைப் போட்டால் பாதி உரியாமல் வரும், இடைவெளியைக் குறைத்தால் நொய்யாகிவிடும். சிறுதானியத்துக்கு இம்பெல்லர் வகை தோது. சுழலும் தட்டு தானியத்தைச் சுவரில் வீசியடிக்க, உமி கழன்றுவிடும். தானியத்துக்குத் தக்கபடி வேகத்தை மாற்றிக்கொள்ளலாம். ஆனால் இம்பெல்லர் தேயும், பெல்ட் அறுந்துபோகும். கோயம்புத்தூரிலோ சேலத்திலோ கடைந்து வாங்கிவிடலாம் என்றால் மெஷின் இரண்டு நாளில் ஓடும். நிறம் பார்த்துத் தானியத்தைப் பிரிக்கும் கலர் சார்ட்டர் மாதிரி போர்டும் பாஸ்வேர்டும் உள்ள மெஷின் என்றால் கம்பெனி ஆள் வர வேண்டும், அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறி. அதுவரை பெண்கள் உலக்கைக்கே திரும்ப வேண்டியதுதான். விற்றவன் சாவியைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும் மெஷின், எந்த நாட்டுத் தயாரிப்பானாலும் எனக்கு நியாயமாகப் படவில்லை. பழுதுபார்க்கும் உரிமைக்காக மத்திய நுகர்வோர் துறை 2022-ல் எடுத்த முயற்சியில் முதலில் சேர்த்த நான்கு துறைகளில் விவசாயக் கருவிகளும் ஒன்று.

பெரிய கேள்விகளைக் கேட்க வேண்டியவர்கள் பணம் கொடுப்பவர்கள்: மானியம் தரும் துறை, கடன் தரும் வங்கி, திட்டம் நடத்தும் தொண்டு நிறுவனம். டெண்டரில் குறைந்த விலைக்கே ஆர்டர் என்று போட்டுவிட்டால், விலை எப்படிக் குறைந்தது என்ற கேள்வி அங்கேயே செத்துவிடும். அரசின் ஜெம் கொள்முதல் தளத்தில் பொருள் எந்த நாட்டில் செய்தது என்று விற்பவர் குறிப்பிட வேண்டும் என்பது 2020-லேயே கட்டாயமாகிவிட்டது. அதோடு இன்னும் சிலவற்றை எழுதி வாங்கலாம். மோட்டாரும் முக்கிய பாகங்களும் எங்கே செய்தவை, பத்து வருஷத்துக்கு உதிரிபாகம் கிடைக்குமா, தமிழில் கையேடு உண்டா, குழுவில் இரண்டு பெண்களுக்காவது மெஷினைக் கழற்றி மாட்டக் கற்றுத்தருவார்களா. பதில் சொல்லாத கொட்டேஷனை விலை பார்க்காமலே ஒதுக்கிவிட ஒரு துறை அதிகாரியின் கையெழுத்து போதும்.