பார்க் ஸ்டேஷனில் பார்க் எங்கே?

சென்னை சென்ட்ரலுக்கு எதிரே இருக்கும் மின்சார ரயில் நிலையத்துக்குப் பெயர் 'பார்க்'. அந்த வட்டாரம் பார்க் டவுன். தமிழில் பூங்கா நகர். தினமும் ஏறி இறங்கும் கூட்டத்தில் நின்று 'இங்கே பார்க் எங்கே?' என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் உதட்டைப் பிதுக்குவார்கள்.

பார்க் இருந்தது. கொஞ்சநஞ்சம் அல்ல, 116 ஏக்கர்! 1859-ல் ஆளுநராக வந்த சார்லஸ் டிரெவெல்யனின் முயற்சியில் உருவான 'பீப்பிள்ஸ் பார்க்' அது. பக்கத்திலேயே வீடுகள் நெருக்கியடித்துக் கிடந்த இன்றைய ஜார்ஜ் டவுன் மக்கள் காற்று வாங்க வந்த இடம். குளங்கள், நடைபாதைகள், பேண்டு வாத்திய மேடை என அமர்க்களமாக இருந்தது. மிருகக்காட்சிசாலையும் அங்கேதான். சென்னைவாசிகள் அதற்கு வைத்த பெயர் 'உயிர் காலேஜ்'. பாடம் செய்த விலங்குகள் இருந்த எழும்பூர் அருங்காட்சியகம் 'செத்த காலேஜ்'. இதைவிடப் பொருத்தமாக யாரால் பெயர் வைக்க முடியும்?

இவ்வளவு பெரிய பூங்கா எப்படிக் காணாமல் போனது? யாரும் ஒரே நாளில் அழிக்கவில்லை. 1880-களில் விக்டோரியா பப்ளிக் ஹால் வந்தது. 1900-ல் மூர் மார்க்கெட். 1913-ல் ரிப்பன் மாளிகை. பிறகு நேரு ஸ்டேடியம். 1985-ல் மிருகக்காட்சிசாலை வண்டலூருக்குப் போனது. அதே ஆண்டு தீயில் கருகிய மூர் மார்க்கெட் இருந்த இடம் ரயில்வேக்குப் போனது. எல்லாமே நகரத்துக்குத் தேவையானவைதான். சில நம் பெருமைச் சின்னங்கள்கூட. ஆனால், ஒவ்வொரு முறையும் மரமும் புல்லும் இருந்த இடம் 'சும்மா கிடக்கும் காலி இடம்' என்றே கண்ணில் பட்டிருக்கிறது.

இன்றைக்கும் அந்தப் பார்வை மாறிவிட்டதாகச் சொல்ல முடியாது. ஏரியைத் தூர்த்து 1920-களில் உருவான தி.நகரில், நடுநாயகமாக அமைந்தது பனகல் பூங்கா. மெட்ரோ ரயில் சுரங்க நிலையத்துக்காக அதில் ஒரு பகுதியைத் தகரத் தடுப்பு போட்டு எடுத்துக்கொண்டார்கள். மெட்ரோ வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? அந்த இடத்தில் மறுபடி நிழல் வளர எத்தனை வருஷம் ஆகும் என்பதுதான் கேள்வி.

சற்றுத் தள்ளி, வெங்கட்நாராயணா சாலையில் இருக்கும் நடேசன் பூங்காவுக்கு ஒருநாள் காலை ஆறு மணிக்குப் போய்ப் பாருங்கள். வேகநடை போடுபவர்கள் ஒரு பக்கம், பெஞ்சில் அமர்ந்து அரசியல் அலசும் பெரியவர்கள் இன்னொரு பக்கம். துணிக்கடைக் கூட்டத்துக்கு நடுவே இப்படி ஓர் இடமா என்று தோன்றும்.

பீப்பிள்ஸ் பார்க்கின் மிச்சமும் ஒன்று இருக்கிறது. ரிப்பன் மாளிகைக்குப் பின்பக்கம், மை லேடீஸ் பூங்கா. பார்க் ஸ்டேஷனில் இறங்கினால் நடந்தே போய்விடலாம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை அழைத்துப் போங்கள். ரயில் ஏன் 'பார்க்'கில் நிற்கிறது என்று அவர்கள் கேட்டால் கையைக் காட்ட அந்த இடமாவது இருக்கிறது.