பழைய பேஸ் கிடாரைச் சீர் செய்வதா? புதிது வாங்குவதா?
கையில் இருக்கும் பணத்தைப் போடும் முன் கவனிக்க வேண்டியவை

கல்யாண வரவேற்பு, கோவில் திருவிழா, கிறிஸ்துமஸ் விழா. எதுவானாலும் ஒரு மெல்லிசைக் கச்சேரி இருந்தால்தான் களை கட்டும். பாடுகிறவருக்குக் கைதட்டல் கிடைக்கும். கீபோர்டு வாசிப்பவரைக் கூட்டம் அண்ணாந்து பார்க்கும். மேடை ஓரத்தில் நான்கு தந்திக் கிடாரோடு நிற்பவரை யாரும் கவனிப்பதில்லை. ஆனால், அவர் ஒரு பாட்டுக்கு வாசிக்காமல் நின்றால் போதும். பாட்டில் எதுவோ காலியாகி விட்டது என்பது கடைசி வரிசையில் இருப்பவருக்கும் தெரிந்துவிடும்.

அந்த வாத்தியம்தான் பேஸ் கிடார்.

ராபர்ட்சன்பேட்டையிலும், ஆண்டர்சன்பேட்டையிலும், சாம்பியன் ரீப்பிலும் இதைக் கற்க ஆசைப்படும் வாலிபர்கள் முதலில் வாங்குவது மலிவான கிடார். ஓர் ஆண்டு போனதும் கை பழகிவிடும். காதும் பழகிவிடும். "சத்தம் சரியில்லையே" என்று தோன்றும். அப்போதுதான் கேள்வி வருகிறது. இருப்பதையே பிரித்து நல்ல பாகங்களைப் போடுவதா? அல்லது கடன் வாங்கியாவது உயர்ந்த கிடாரை வாங்குவதா?

தினமும் மாரிக்குப்பத்தில் ரெயில் ஏறி பெங்களூர் போய் வேலை பார்த்துத் திரும்பும் குடும்பத்தில், இது சின்னக் கேள்வி அல்ல. ஒரு மாதச் சம்பளம் போகலாம். சில வீடுகளில் நகை அடகுக்குப் போகும்.

எட்டு பவுண்டு கிடார்

அமெரிக்காவில் லியோ பெண்டர் என்பவர் 1951-ம் ஆண்டில் விற்பனைக்குக் கொண்டுவந்த 'பிரிசிஷன் பேஸ்'தான், இன்றைய பேஸ் கிடார்களுக்கு முன்மாதிரி. அதுவரை ஆள் உயரம் இருந்த பெரிய வாத்தியத்தை நின்றபடி வாசித்து வந்தார்கள். தமிழ் சினிமாவில் இளையராஜாவின் பாடல்கள் வந்தபிறகு, பேஸ் கிடாரின் நடையைப் பாமர ரசிகர்களும் கேட்டு ரசித்தார்கள். அவருடைய குழுவில் பேஸ் வாசித்தவர் சசிதரன்.

மலிவுக் கிடாரைத் திருத்தி வெற்றி கண்டவர்களும் உண்டு. லண்டனைச் சேர்ந்த பில் வைமன் 1961-ல் எட்டு பவுண்டுக்கு ஒரு கிடார் வாங்கினார். உடல் கட்டையைச் செதுக்கிச் சிறிதாக்கினார். தேய்ந்துபோன பிரெட் கம்பிகளைப் பிடுங்கினார். புதிய கம்பி போடுவதாகத்தான் எண்ணம். ஆனால், கம்பி இல்லாமலே நாதம் நன்றாக இருந்ததால் அப்படியே விட்டுவிட்டார். மறு ஆண்டு 'ரோலிங் ஸ்டோன்ஸ்' குழுவில் சேர்ந்தார். அந்தக் கிடாரை இசைத்தட்டுகளிலும் வாசித்தார்.

'பீட்டில்ஸ்' பால் மெக்கார்ட்னியும் பணக்காரராகத் தொடங்கவில்லை. பெண்டர் கிடாரின் விலை எட்டாததால், 1961-ல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் சுமார் 30 பவுண்டுக்கு 'ஹாப்னர்' கிடாரை வாங்கினார். உலகம் முழுவதும் கேட்ட பாடல்களில் அது ஒலித்தது. 1972-ல் திருட்டுப்போன அந்தக் கிடார், அரை நூற்றாண்டுக்குப் பிறகு அவரிடம் திரும்பி வந்துவிட்டதாக 2024-ல் அறிவிக்கப்பட்டது.

முதலில் கழுத்தைப் பாருங்கள்

சீர் செய்வதா, வேண்டாமா என்பதை முடிவு செய்வது கிடாரின் கழுத்துதான். பேஸ் கிடாரின் தந்தி நீளம் பொதுவாக 34 அங்குலம். தடித்த நான்கு தந்திகள் அந்தக் கழுத்தை இரவும் பகலும் இழுத்துக்கொண்டே இருக்கின்றன.

தச்சர் பலகையைப் பார்ப்பதுபோல, ஒரு கண்ணை மூடிக்கொண்டு கழுத்தை நீளவாட்டில் பாருங்கள். லேசாக வளைந்திருந்தால் கவலை இல்லை. உள்ளே ஓர் இரும்புக் கம்பி இருக்கிறது. அதன் முனையிலுள்ள திருகைக் கால் சுற்று மட்டும் திருப்பிவிட்டு, மறுநாள் பாருங்கள். அவசரப்பட்டு அழுத்தித் திருகினால் கம்பி அறுந்துவிடும். கழுத்து வளையாமல் முறுக்கிக்கொண்டிருந்தால், அந்தக் கிடாருக்கு ஒரு ரூபாயும் செலவழிக்காதீர்கள்.

சிறு செலவு, பெரிய பலன்

கழுத்து நேராக இருந்தால், செய்ய வேண்டியவை இவை:

புதிய தந்திகள் போடுங்கள். "கிடாரே மாறிவிட்டது" என்று சொல்லும் அளவுக்கு வித்தியாசம் தெரியும்.

தந்தியின் உயரத்தைக் குறையுங்கள். 12-வது பிரெட் கம்பிக்கு மேல் தடித்த தந்தி இரண்டு அல்லது இரண்டரை மில்லிமீட்டர் உயரத்தில் இருந்தால், விரல் நோகாது.

சுருதி பாருங்கள். தந்தியை 12-வது கம்பியில் அழுத்தினால், திறந்த தந்தியின் மேல் ஸ்தாயி சரியாக வரவேண்டும். கூடுதலாக வந்தால், பிரிட்ஜில் தந்தி உட்காரும் கட்டையைப் பின்னால் தள்ளுங்கள்.

குமிழைத் திருகும்போது கரகர என்றால், குமிழையும் ஒயர் செருகும் துளையையும் மாற்றுங்கள். ரேடியோ உதிரிப் பாகம் விற்கும் கடையிலேயே கிடைக்கும். ஈயப்பற்று வைக்கத் தெரிந்தவர் அரை மணியில் முடித்துவிடுவார்.

பிட்டர்களும், டர்னர்களும், எலக்ட்ரீஷியன்களும் நிறைந்த ஊர் இது. அரம் பிடித்த கைக்கு, தூக்கிக்கொண்டிருக்கும் பிரெட் கம்பியைச் சமப்படுத்துவது பெரிய வேலை அல்ல.

சுரங்கம் சொல்லும் கணக்கு

இதற்கு மேல் போகும்போதுதான் நஷ்டம் தொடங்குகிறது. எட்டாயிரம் ரூபாய்க் கிடார் என்று வைத்துக்கொள்வோம். ஐந்தாயிரத்துக்குப் பிக்-அப், மூவாயிரத்துக்குப் பிரிட்ஜ், மூவாயிரத்துக்குச் சுருதிச் சாவிகள் என்று மாற்றினால் மொத்தம் 19 ஆயிரம். விற்கப்போனால், எட்டாயிரம் ரூபாய்க் கிடாரின் பழைய விலைதான் கிடைக்கும். அந்த 11 ஆயிரத்தைத் தனியே சேர்த்திருந்தால், அது நல்ல கிடாருக்கு முன்பணமாக ஆகியிருக்கும்.

தங்கவயல் மக்களுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. சுமார் 120 ஆண்டுகளில் ஏறக்குறைய 800 டன் தங்கம் தந்த சுரங்கங்கள், 2001-ம் ஆண்டு பிப்ரவரி 28-ந் தேதி மூடப்பட்டன. பூமிக்குள் தங்கம் அடியோடு தீர்ந்துபோனதாக யாரும் சொல்லவில்லை. சாம்பியன் ரீப் சுரங்கம் 3 கிலோ மீட்டருக்கு மேல் ஆழமாகிவிட்டது. ஒரு டன் பாறையில் கிடைக்கும் தங்கம் குறைந்துகொண்டே போனது. எடுக்கும் செலவு, எடுத்த தங்கத்தின் விலையைத் தாண்டிவிட்டது. எந்த ஆழத்தோடு நிறுத்துவது என்ற கேள்வி கிடாருக்கும் உண்டு.

அப்படியும் பிக்-அப் மாற்றியே தீருவேன் என்பவர்கள், பழைய பாகங்களைப் பத்திரமாக வையுங்கள். விற்கும் நாளில் அவற்றைத் திரும்பப் பூட்டிவிட்டு, புதியவற்றை அடுத்த கிடாருக்கு எடுத்துக்கொள்ளலாம்.

குற்றவாளி கிடார்தானா?

பல நேரங்களில் குறை கிடாரில் இல்லை. பேஸ் கிடாரின் கீழ்த் தந்தி வினாடிக்கு சுமார் 41 தடவை அதிர்கிறது. வீட்டிலுள்ள சின்ன ஸ்பீக்கரால் அந்த ஒலியைத் தர முடியாது. புதுக் கிடார் வாங்கும் முன், நண்பரின் நல்ல ஆம்ப்ளிபயரில் உங்கள் கிடாரைச் செருகிக் கேளுங்கள். பில் வைமன் குழுவில் சேர வந்தபோது, அவருடைய ஆம்ப்ளிபயர்தான் மற்றவர்களைக் கவர்ந்தது என்பது பிரபலமான கதை.

இன்னொன்று, உயிர் சம்பந்தப்பட்டது. சிவசமுத்திரத்திலிருந்து 1902-லேயே மின்சாரம் வந்த ஊர் இது. மின்சாரத்தின் குணம் நமக்குத் தெரியும். கிடாரைப் பிடித்தபடி மைக்கைத் தொடும்போது சுரீர் என்றால், வாசிப்பை உடனே நிறுத்துங்கள். 'எர்த்' இணைப்பைச் சரிபார்க்காமல் மேடை ஏறாதீர்கள். இரைச்சல் குறையும் என்று சொல்லி எர்த் கம்பியைக் கழற்றிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது உயிருக்கு ஆபத்து.

எப்போது வாங்கலாம்?

கழுத்து முறுக்கிக்கொண்டால் வாங்கலாம். கம்பிகள் முழுவதும் தேய்ந்து, மாற்றும் கூலி கிடார் விலையை நெருங்கினால் வாங்கலாம். மாதம் இரண்டு மூன்று கச்சேரிகள் நிலையாகக் கிடைத்து, அந்த வருமானத்திலேயே தவணை கட்ட முடிந்தால் தாராளமாக வாங்கலாம். அப்போதும், ஒருவர் கவனமாக வைத்திருந்த பழைய நல்ல கிடாரை விசாரித்துப் பாருங்கள். வாசிக்கத் தெரிந்த ஒருவரைக் கூட அழைத்துப் போங்கள்.

வட்டிக்கு வாங்குவதும், வீட்டு நகையை வைப்பதும் இதற்கு வேண்டாம். இந்த மாதம் ஒரு செட் தந்தி வாங்கிப் பூட்டுங்கள். உயரத்தைச் சரி செய்யுங்கள். ஆறு மாதம் வாசியுங்கள். அதற்குப் பிறகும் குறை இருந்தால், எந்தக் கிடார் வேண்டும் என்பதை உங்கள் காதே சொல்லிவிடும்.