சிறிய குசினியும் எமது சுகநலமும்



சுகநலப் பக்கத்தில் ஒரு வைத்தியர் குசினியை ஒழுங்குபடுத்துவது பற்றி எழுதுவது உங்களிற் சிலருக்குப் புதினமாக இருக்கலாம். நீரிழிவு, குருதி அமுக்கம், கொலஸ்திரோல் என்று எழுதியும் பேசியும் களைத்துவிட்டோம். எதை உண்ண வேண்டும், எதைக் குறைக்க வேண்டும் என்பது எம்மவரில் அநேகருக்கு இன்று மனப்பாடம். ஆனால் அறிந்தது ஏன் கோப்பைக்கு வந்து சேர்வதில்லை? இந்தக் கேள்விக்கான விடை எனக்குக் கிடைத்தது மருத்துவ நூலில் அல்ல, இலண்டனில் ஒரு மாடிக் குடியிருப்பின் குசினியில்.

ஐம்பத்தைந்து வயதைத் தாண்டிய ஓர் அக்கா. ஆளை அடையாளம் தெரியாதிருக்கச் சில விபரங்களை மாற்றியிருக்கிறேன். அதிகாலையில் அலுவலகங்களைத் துப்புரவு செய்யும் வேலை. கணவருக்கு எரிபொருள் நிலையத்தில் இரவு வேலை. இரண்டு பிள்ளைகள், படுக்கையில் இருக்கும் மாமியார். ஐந்து பேருக்கும் நகரசபை தற்காலிகமாகக் கொடுத்த இரண்டு அறை வீடு. அக்காவுக்குப் பத்து வருடங்களாக நீரிழிவு. கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரிச் சீனி நிலையைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி பரிசோதனையில் 86 வந்திருந்தது. இந்நாட்டு அளவையில் 48உம் அதற்கு மேலும் நீரிழிவு என்று கொள்ளப்படும். நான் குளிசையைக் கூட்டினேன். மரக்கறி, பருப்பு, தவிட்டரிசி பற்றிய துண்டுப்பிரசுரத்தை மூன்று தடவை கொடுத்தேன். மூன்று தடவையும் அவர் தலையாட்டி வாங்கிச் சென்றார்.

பின்னர் மாமியாரைப் பார்ப்பதற்காக அந்த வீட்டுக்குப் போக நேர்ந்தது. கைகழுவக் குசினிக்குள் போனேன். இருவர் சேர்ந்து நிற்க முடியாத இடம். மேடை முழுவதும் றைஸ்குக்கர், மிக்ஸி, மைக்ரோவேவ், மருந்துப் பெட்டிகள். தரையில் 20 கிலோ அரிசி மூட்டை. அலுமாரிக்குள் பிறந்தநாள் விழாக்களுக்குச் சமைக்கும் பெரிய சட்டிகள். கண்ணுக்கு நேரே சீனிப் போத்தலும் பிஸ்கற்றும் நூடில்ஸ் பக்கெற்றுகளும். பருப்பும் கடலையும் கதிரை வைத்து ஏறினால்தான் எட்டும்.

“டொக்டர், நீங்கள் தந்த தாளிலை மரக்கறியை வெட்டிச் சமைக்கச் சொல்லிக் கிடக்கு. வெட்டுறதுக்கு எனக்கு இடம் எங்கை இருக்கு?” என்று அக்கா கேட்டார். கோபத்தில் கேட்கவில்லை, சிரித்துக்கொண்டுதான் கேட்டார். எனக்குத்தான் வெட்கமாக இருந்தது.

நான் அதை அறிந்திருக்க வேண்டியவன். 2000ஆம் ஆண்டில் இந்நாட்டுக்கு வந்த புதிதில் ஆறு பேர் குடியிருந்த வீடொன்றில் நானும் ஒருவன். ஆறு பேருக்கும் ஒரு குசினி. அலுமாரியில் ஒரு தட்டும் ஃபிரிட்ஜில் ஒரு தட்டும் எனது பங்கு. எனக்கு அடுப்பு முறை வரும்போது இரவு பதினொரு மணியாகிவிடும். வைத்தியப் பட்டம் பெற்றவன்தான், ஆனால் அந்த வருடம் நான் தின்றது பெரும்பாலும் பாணும் நூடில்ஸும். அறிவுக் குறைவால் அல்ல, இடக்குறைவால்.

அந்த அக்காவும் மகளும் ஒரு ஞாயிற்றுக்கிழமை செய்து முடித்தவற்றையும், வேறு வீடுகளிற் கண்டவற்றையும் கீழே தருகிறேன். வாடகை வீட்டுச் சுவரில் துளையிடத் தேவையில்லை. அவர்களுக்கு மொத்தச் செலவு 30 பவுணுக்குள் முடிந்தது.

முதலில் வெட்டுவதற்கு இடம்

சிறிய குசினி என்பதே குறைபாடல்ல. 1926இல் ஜேர்மனியின் பிராங்பேர்ட் நகரில் தொழிலாளர் குடியிருப்புகளுக்காக மார்கரெற்ற சூற்ற-லிஹொட்ஸ்கி என்ற பெண் கட்டடக் கலைஞர் வடிவமைத்த குசினி, ஏறத்தாழ 1.9 மீற்றர் அகலமும் 3.4 மீற்றர் நீளமும் கொண்டது. சமைப்பவர் வீணாக நடக்கும் அடிகளைக் குறைப்பதே அவரது நோக்கம். பொருள் பயன்படும் இடத்துக்கு அருகில் இருக்க வேண்டும், வேலை செய்யும் மேடை வெறுமையாக இருக்க வேண்டும் என்பனவே அதில் நாம் கற்க வேண்டியவை.

மேடையில் இருக்கும் ஒவ்வொன்றையும் எடுத்து, “நேற்று இதைப் பாவித்தேனா?” என்று கேளுங்கள். இல்லையென்றால் அது மேடையில் இருக்கத் தேவையில்லை. கழுவுதொட்டியின் மேல் குறுக்கே வைக்கக்கூடிய நீளமான வெட்டுப்பலகை ஒன்று, இல்லாத மேடையை உண்டாக்கித் தரும். கதவின் மேல் மாட்டும் கொளுக்கிகளில் அகப்பை, வடி, தாச்சி ஆகியவற்றைத் தொங்கவிடலாம். ஆனால் அடுப்புக்கு மேலே எதையும் தொங்கவிட வேண்டாம்.

ஒரு குடும்பத்தின் அன்றாடச் சமையலுக்குத் தேவையானவை அதிகமில்லை: ஒரு பிறஷர் குக்கர், ஒரு றைஸ்குக்கர், இரண்டு சட்டிகள், ஒரு தாச்சி, ஒரு தோசைக்கல், ஒரு மிக்ஸி, நல்ல கத்தி ஒன்று, வெட்டுப்பலகை இரண்டு. பலகை இரண்டு என்பது ஆடம்பரம் அல்ல. ஒன்று பச்சை இறைச்சிக்கும் மீனுக்கும், மற்றது மரக்கறிக்கும் பாணுக்கும். பணம் செலவழிப்பதானால் பிறஷர் குக்கரில் செலவழியுங்கள். கடலை, பயறு, பருப்பு விரைவாக அவியும், எரிவாயுச் செலவும் குறையும். சிவப்பு பீன்ஸ் மட்டும் கவனம். இரவு முழுவதும் ஊறவைத்து, அந்த நீரை ஊற்றிவிட்டு, புதிய நீரில் குறைந்தது 10 நிமிடம் நன்கு கொதிக்க வைக்க வேண்டும். அரைகுறையாக அவிந்தால் கடும் வாந்தியும் வயிற்றோட்டமும் ஏற்படும்.

கண்மட்டத்தில் என்ன இருக்கிறது?

வேலையால் பசியோடு வருபவர் அலுமாரியைத் திறந்தவுடன் கண்ணில் படுவதையே எடுப்பார். ஆகவே கண்மட்டத் தட்டில் பருப்பு, கடலை, பயறு, குரக்கன் மா, ஓட்ஸ், தகரத்தில் அடைத்த மீன் ஆகியவற்றை வையுங்கள். சீனி, பிஸ்கற், மிக்சர், நூடில்ஸ் யாவும் மேல் தட்டுக்குப் போகட்டும். வேண்டுமென்றால் எடுக்கலாம், ஆனால் கதிரை போட்டு எடுக்க வேண்டும். கழுவிய ஜாம் போத்தல்களே பருப்பு வகைகளுக்குப் போதும். உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று தெரிவதால் இருப்பதையே மீண்டும் வாங்கமாட்டீர்கள்.

20 கிலோ மூட்டை மலிவுதான். ஆனால் சிறிய வீட்டில் அது இடத்தைப் பிடிக்கிறது, வண்டு பிடிக்கிறது, ஈரக்கசிவுள்ள வீடானால் பழுதும் ஆகிறது. இரண்டு குடும்பங்கள் ஒரு மூட்டையைப் பகிர்ந்துகொண்டால் விலையும் மலிவு, இடமும் மிச்சம். மரக்கறி வாங்கி அழுகவிடுவதிலும் உறைந்த கீரை, போஞ்சி, பட்டாணி வாங்குவது நல்லது. சத்தில் அவை குறைந்தவை அல்ல, வெட்டும் வேலையும் இல்லை.

அளவைக் காட்டும் நான்கு பழக்கங்கள்

1. எண்ணெய்ப் போத்தலைத் திறந்த திகதியை அதன்மேல் எழுதுங்கள். நான்கு பேர் உள்ள வீட்டில் 5 லீற்றர் எண்ணெய் ஒரு மாதத்தில் முடிந்தால், ஆளுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 40 மில்லிலீற்றர். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் ஏறத்தாழ 120 கலோரி என்பதால், இது 300 கலோரிக்கும் மேல்.

2. உப்புக்கும் அவ்வாறே. வயதுவந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு 6 கிராமுக்கு மேல் கூடாது என்பது இந்நாட்டு ஆலோசனை. நான்கு பெரியவர்களுக்கு மாதம் 720 கிராம். 750 கிராம் பக்கெற் ஒரு மாதத்தில் முடிந்தால் அந்தக் கணக்கு அங்கேயே நிரம்பிவிட்டது. பாண், கருவாடு, ஊறுகாய் ஆகியவற்றில் உள்ள உப்பு அதற்கு மேலதிகம். பிள்ளைகளுக்கு இதிலும் குறைவாகவே இருக்க வேண்டும்.

3. றைஸ்குக்கருடன் வந்த கப்பை அரிசிப் பெட்டிக்குள்ளேயே வையுங்கள். அதில் ஏறத்தாழ 150 கிராம் அரிசி பிடிக்கும். இரண்டு மூன்று பேருக்கு அது போதும். கையால் அள்ளிப் போடும்போது அளவு தெரிவதில்லை.

4. தேங்காய்ப்பால் தகரத்தை ஒரே நாளில் முழுவதும் ஊற்ற வேண்டாம். 400 மில்லிலீற்றர் தகரங்கள் பலவற்றில் 50 கிராமுக்கு மேல் நிரம்பிய கொழுப்பு உண்டு. பெண்ணொருவருக்கு நாளுக்கு 20 கிராமும் ஆணுக்கு 30 கிராமும் மேல் எல்லை. மீதியை ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்து, கறிக்கு இரண்டு கட்டியாகப் பாவியுங்கள்.

முக்கியமான எச்சரிக்கை: இன்சுலின் அல்லது கிளிக்கிளசைட் போன்ற குளிசை எடுப்பவர்கள் சோற்றைத் திடீரெனக் குறைத்தால் குருதியில் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். முதலில் உங்கள் வைத்தியரிடமோ தாதியிடமோ பேசுங்கள்.

ஃபிரிட்ஜ் ஒழுங்கு

ஃபிரிட்ஜ் 5 பாகை செல்சியஸ் அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும். சில பவுணுக்கு வாங்கும் வெப்பமானி ஒன்றை உள்ளே வைத்துப் பாருங்கள். பச்சைக் கோழியும் மீனும் மூடிய பாத்திரத்தில் அடித்தட்டில் இருக்கட்டும். அப்போது அவற்றின் நீர் மற்ற உணவில் வடியாது. கோழியைக் குழாயின் கீழ் கழுவுவது எம்மவர் பழக்கம். ஆனால் தெறிக்கும் நீரோடு கிருமிகளும் மேடையெங்கும் பரவுகின்றன. நன்றாகச் சமைத்தாலே அக்கிருமிகள் அழிந்துவிடும்.

ஃபிரிட்ஜில் இடமில்லை என்று கறிச்சட்டியை விடியும்வரை அடுப்பில் விடும் வீடுகள் பல. இது வேண்டாம். கறியைச் சிறிய பெட்டிகளில் பிரித்து ஆறவைத்து, இரண்டு மணித்தியாலத்துக்குள் ஃபிரிட்ஜுக்குள் வைத்து, இரண்டு நாட்களுக்குள் முடியுங்கள். சோற்றுக்கு மேலும் கவனம் தேவை. ஒரு மணித்தியாலத்துக்குள் ஆறவைத்து ஃபிரிட்ஜில் வைத்து, 24 மணித்தியாலத்துக்குள், ஒரேயொரு தடவை மட்டும் ஆவி பறக்கச் சூடாக்கி உண்ணுங்கள். வெளியில் கிடக்கும் சோற்றில் ஒரு வகைக் கிருமி பெருகி நஞ்சை உண்டாக்கும். மீண்டும் சூடாக்கினாலும் அந்த நஞ்சு அழிவதில்லை.

பாவிக்காத இன்சுலினை ஃபிரிட்ஜின் நடுத்தட்டில் ஒரு மூடிய பெட்டிக்குள் வையுங்கள். உறைபெட்டிக்கு அருகிலோ பின்சுவரோடு ஒட்டியோ வைத்து உறைந்துவிட்டால் அதைப் பாவிக்கக்கூடாது.

நெருப்பும் பிள்ளைகளும்

சிறிய குசினியில் விபத்துக்கு இடம் தேவையில்லை. றோல்ஸும் வடையும் பொரிக்கும்போது தாச்சியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எண்ணெய் விடாதீர்கள், அவ்விடத்தை விட்டு அகலாதீர்கள். எண்ணெய் தீப்பற்றினால் ஒருபோதும் தண்ணீர் ஊற்ற வேண்டாம். முடிந்தால் அடுப்பை அணைத்து, எல்லோரையும் வெளியேற்றி, கதவைச் சாத்திவிட்டு 999ஐ அழையுங்கள். சட்டிகளின் கைப்பிடி உட்பக்கம் திரும்பியிருக்கட்டும். பிள்ளைக்குச் சூடு பட்டால் பற்பசையோ வெண்ணெயோ பூச வேண்டாம். ஓடும் குளிர்நீரில் 20 நிமிடம் பிடியுங்கள். ஐஸ் வைக்க வேண்டாம். துப்புரவுத் திரவங்களைக் கழுவுதொட்டியின் கீழ் வைக்காமல் பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.

சமைக்கும்போது சட்டியை மூடி, யன்னலைத் திறந்து, குசினிக் கதவைச் சாத்துங்கள். ஆவி அறைகளுக்குப் பரவிச் சுவரில் பூஞ்சணம் பிடிப்பது ஆஸ்துமா உள்ள பிள்ளைகளுக்குக் கேடு.

பகிர்ந்த குசினியில் இருப்பவர்களுக்கு

புதிதாக வந்த தம்பி தங்கைமார் பலர் இன்றும் இப்படித்தான் வாழ்கிறார்கள். பெயர் எழுதிய மூடியுள்ள பெட்டி ஒன்று ஃபிரிட்ஜுக்கும், இன்னொன்று அலுமாரிக்கும் போதும். அடுப்பு கிடைக்கும் நாளில் பருப்பையும் ஒரு மரக்கறியையும் இரு மடங்காகச் சமைத்து வையுங்கள். பெரும்பாலான கிழமை நாட்களைச் சமாளிக்கலாம். தகர மீன், முட்டை, உறைந்த கீரை ஆகியவை பத்து நிமிடத்தில் கறியாகும். இரண்டு மூன்று பேர் சேர்ந்து முறைவைத்துச் சமைத்தால் இன்னும் நல்லது. படுக்கை அறைக்குள் எரிவாயு அடுப்போ கரி அடுப்போ மூட்ட வேண்டாம். கார்பன் மொனொக்சைட் வாயுவுக்கு மணமில்லை. நித்திரையிலேயே உயிரைப் பறித்துவிடும்.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள்

அந்த அக்காவின் அலுமாரியில் பாதியைப் பிடித்திருந்தவை வருடத்தில் இரண்டு தடவை பாவிக்கும் பெரிய சட்டிகள். எமது வீடுகள் பலவற்றிலும் இதே நிலைதான். ஐந்து குடும்பங்களுக்கு ஒரு தொகுதிச் சட்டி போதாதா? சங்கம் முன்வந்து ஒரு தொகுதியைப் பொதுவில் வைத்து, தேவைப்படுவோர் எடுத்துத் திருப்பிக் கொடுக்கும் ஒழுங்கைச் செய்தால், பல குசினிகளில் ஒரு தட்டு வெறுமையாகும்.

ஆறு மாதங்களின் பின் அக்காவின் எச்.பி.ஏ.1.சி 64 ஆகியிருந்தது. குசினிதான் அதைச் செய்தது என்று நான் சொல்ல மாட்டேன். குளிசைகளை ஒழுங்காக எடுக்கத் தொடங்கினார், வேலைக்கு நடந்தும் போனார். குளிசைப் பெட்டி இப்போது தேநீர்க் கோப்பைகளுக்குப் பக்கத்தில், காலையில் கைபடும் இடத்தில் இருக்கிறது. இலக்கை அடைய இன்னும் தூரம் உண்டு.

நானும் ஒன்றை மாற்றிக்கொண்டேன். துண்டுப்பிரசுரத்தை நீட்டுமுன், “உங்கள் குசினி எப்படி? எத்தனை பேர் பாவிக்கிறீர்கள்?” என்று கேட்கிறேன். உங்கள் வைத்தியர் கேட்காவிட்டால் நீங்களாகவே சொல்லுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. வெட்டுவதற்கு இடமில்லை என்பதும் வைத்தியர் அறிந்திருக்க வேண்டிய விடயமே.