சிங்க்குக்கு அடியில் என்ன பலகை?

எங்கள் திருமங்கலத்தில் இப்போதெல்லாம் காலைப் பேப்பருக்குள் ‘வாட்டர் புரூஃப் கிச்சன் கப்போர்டு’ என்று ஒரு நோட்டீஸ் செருகி வருகிறது. லோக்கல் கேபிளிலும் இதே பல்லவிதான். எங்கள் தெரு அக்கா ஒருவர், சீட்டுப் பணத்தை எடுத்து அதை நம்பிச் செய்தார். ஒரே மழைக்காலம்தான்; சிங்க்குக்கு அடியில் பலகை அப்பளமாக உப்பிவிட்டது, பாவம்!

சகோதரிகளே, நோட்டீஸைப் பார்க்காதீர்கள். பிளைவுட்டில் உள்ள முத்திரையைப் பாருங்கள். ஐ.எஸ். 303-ல் எம்.ஆர். ரகம் ஈரக்காற்றைத் தாங்கும். ஒழுகும் தண்ணீரைத் தாங்காது. துணி அலமாரிக்கு அது போதும், வீண் செலவு எதற்கு? ஐ.எஸ். 710 ரகத்தையோ 72 மணி நேரம் கொதிநீரில் போட்டுச் சோதிக்கிறார்கள். சிங்க்குக்கு அடியில் அதுதான் வேண்டும்.

ஷீட்டை அறுத்துவிட்டால் முத்திரை எந்தத் துண்டில் போனதோ! ஆசாரி ரம்பத்தை எடுக்கும் முன்பே பார்த்துவிடுங்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு சி.எம்./எல். என்று ஓர் எண் இருக்கும். செல்போனில் ‘பி.ஐ.எஸ். கேர்’ ஆப்பில் அதைப் போட்டால் கம்பெனி விவரம் வந்துவிடும். நான் போட்டுப் பார்த்தபோது, “என்ன தாயி, என்னையவே சந்தேகப்படுறீகளா?” என்றார் ஆசாரி.

“உங்கள இல்லண்ணே, கடையத்தான்!”

இன்னொன்று, அறுத்த ஓரங்கள்தான் தண்ணீரை உறிஞ்சும். குழாய்க்குப் போட்ட ஓட்டை உட்பட எல்லா ஓரத்தையும் அடைத்துத் தரச் சொல்லுங்கள். மைக்கா ஒட்டியபின் கேட்டால் நடக்காது.