மருத்துவரிடம் வர மறுக்கும் தகப்பனார்



பிழைப்புக்காக நீங்கள் பெங்களூரில் இருக்கிறீர்கள். தகப்பனாரோ கொள்ளேகாலில் இருக்கிறார். மூன்று வாரமாக இருமல், மாலைதோறும் காய்ச்சல். உடலும் மெலிந்து வருகிறது. தொலைபேசியில் கேட்டால், "கர்த்தர் பார்த்துக்கொள்வார், ஆஸ்பத்திரி வேண்டாம்" என்கிறார். என்ன செய்வீர்கள்?

வாதாடாதிருங்கள். மறுப்புக்குப் பின்னால் ஒரு காரணம் இருக்கும்.

1890-களில் திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று கணவர்கள், பிரசவ வேதனைப்படும் தங்கள் மனைவியருக்கு உதவும்படி ஐடா ஸ்கடர் என்ற இளம்பெண்ணை அழைத்தனர். அவர் மருத்துவம் கல்லாதவர். மருத்துவரான தம் தகப்பனாரை அழைத்துச் செல்லும்படி வேண்டினார். அந்நிய ஆண் பார்க்கலாகாது என்று மூவரும் மறுத்துவிட்டனர். அம்மூன்று பெண்களும் மரித்தனர். ஐடா அக்கணவர்களைக் குறைகூறிக்கொண்டிருக்கவில்லை. தடையை நீக்கத் தாமே மருத்துவரானார். 1900-ல் வேலூரில் பணியைத் தொடங்கி, 1918-ல் பெண்களுக்கென மருத்துவப் பள்ளியும் நிறுவினார்.

உங்கள் தகப்பனாரின் தடை எது? அருகில் அமர்ந்து கேளுங்கள்.

செலவுக்கு அஞ்சுகிறாரா? காசநோயாயின் அரசு மருத்துவமனையில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். சத்துணவுக்காக மாதம் 1,000 ரூபாயும் அரசு வழங்குகிறது. நோயின் பெயருக்கே அஞ்சுகிறாரா? பெரும்பாலும் ஆறு மாத மருந்தை இடையில் நிறுத்தாமல் உட்கொண்டால் குணமாகும் நோய் அது. கவனியாது விட்டால் வீட்டிலுள்ள பேரப்பிள்ளைகளுக்கும் தொற்றும்.

மருந்து உண்பது அவிசுவாசம் என்று எண்ணுகிறாரா? எசேக்கியா ராஜாவுக்கு ஆயுசைக் கூட்டிக்கொடுத்த தேவன்தாமே, அவருடைய பிளவையின்மேல் அத்திப்பழ அடை வைக்கப்படவும் இடங்கொடுத்தார். பவுலின் உடன் ஊழியரான லூக்கா ஒரு வைத்தியர்.

கோபத்தோடு திரும்பிய நாகமானை அவனுடைய ஊழியக்காரர் அதட்டவில்லை. கிட்டச் சேர்ந்து, மரியாதையாய்ப் பேசி, எளிய காரியம் ஒன்றையே செய்யும்படி வேண்டினர். அவ்வாறே நீங்களும், "அப்பா, சளிப் பரிசோதனை மட்டும் செய்துகொள்வோம், ஜெபித்துவிட்டுப் போவோம், நானும் கூட வருகிறேன்" என்று கேளுங்கள். அவர் மதிக்கும் சபைப் போதகரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். இருமலில் இரத்தம் கண்டாலோ, மூச்சுத் திணறினாலோ ஒருநாளும் தாமதிக்க வேண்டாம்.

தொலைபேசியில் ஜெபித்தது நல்லது. இந்த வாரமே பேருந்து ஏறுங்கள். கர்த்தர் உங்கள் பிரயாணத்தை வாய்க்கப்பண்ணுவாராக. ஆமென்.