கடன் வாங்கத் தடை போட்ட நாடு

1976-ல் அல்பேனியா இயற்றிய அரசியல் சட்டத்தின் 28-வது பிரிவு, முதலாளித்துவ நாடுகளிடமும் ‘திரிபுவாத’ (மார்க்சியத்தைத் திரித்ததாகச் சொல்லப்பட்ட கம்யூனிஸ்ட்) நாடுகளிடமும் கடன் வாங்குவதைத் தடை செய்தது. நாட்டை ஆண்ட கம்யூனிஸ்ட் தலைவர் என்வர் ஹோஜாவின் கணக்கில் இந்த இரண்டு வகையில் சேராத நாடு சீனாவைத் தவிர அநேகமாக இல்லை. இரண்டே வருடத்தில் அதுவும் போனது.

அதற்கு முன் அடுத்தவர் உதவியில்தான் நாடு ஓடியது. 1948 வரை யூகோஸ்லாவியா, 1961 வரை சோவியத் யூனியன், 1978 வரை சீனா. ஒவ்வொருவரையும் கொள்கைத் துரோகி என்று உதறினார் ஹோஜா. 1978-ல் சீன நிபுணர்கள் ஊர் திரும்பியதும் இயந்திரங்களுக்கு உதிரிபாகம் கிடைக்கவில்லை. சுமார் 30 லட்சம் மக்கள் வாழ்ந்த நாட்டில் சிமெண்டும் இரும்பும் எங்கே போயின? காளான் குடைபோல வயலிலும் கடற்கரையிலும் முளைத்த ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட பதுங்குகுழிகளுக்கு. வராத எதிரிக்காக!

1981-ல் கூட்டுப்பண்ணை விவசாயிகளின் சொந்த ஆடுமாடுகளையும் அரசு எடுத்துக்கொண்டது. இறைச்சியும் பாலும் அரிதாயின.

பொருளாதாரம் சறுக்கினால் அதற்குப் பெயர் தோல்வி அல்ல, சதி. 1975-ல் திட்டக்குழுத் தலைவர் அப்துல் கெலேசியும் தொழில் அமைச்சர் கோச்சோ தியோதோசியும் பதவி இழந்தார்கள், பின்னர் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். தலைமைக்கே இந்தக் கதி என்றால், பற்றாக்குறையைப் பற்றி யார் வாய் திறப்பார்கள்?

சாமானியர்களை சிகுரிமி என்ற ரகசிய போலீஸ் கவனித்துக்கொண்டது. ஒருவர் எல்லை தாண்டி ஓடினால், அவர் குடும்பமே கிராமங்களுக்குத் துரத்தப்படும். பிள்ளைகளுக்குக் கல்லூரிக் கதவு அடைபடும். ஸ்பாச் முகாமில் கைதிகள் செப்புச் சுரங்கத்தில் வேலை செய்தார்கள். நிர்ணயித்த அளவு வெட்டாவிட்டால் தனிச்சிறை. 1973 மே மாதம் அங்கே கலகம் மூண்டது. கம்யூனிஸ்ட் நட்சத்திரம் இல்லாத தேசியக் கொடியைக் கைதிகள் ஏற்றினார்கள். நான்கு பேருக்கு மரண தண்டனை.

1967-ல் தேவாலயம், மசூதி எல்லாம் மூடப்பட்டன. வெளியிலிருந்து உறவினரைப் பார்க்க வருவதும் எளிதல்ல. அன்னை தெரசாவின் தாய் 1972-ல் திரானாவில் இறந்தார். கடைசியாக ஒருமுறை பார்க்க மகளுக்கு அனுமதி கிடைக்கவில்லை.

ஹோஜா 1985-ல் இறந்தார். திரானாவில் இருந்த அவரது சிலையை 1991 பிப்ரவரியில் மக்கள் கவிழ்த்தார்கள். ஆகஸ்டில், கியூபா சர்க்கரையுடன் துரெஸ் துறைமுகத்தில் நின்ற விலோரா கப்பலில் சுமார் 20,000 பேர் ஏறிக்கொண்டு இத்தாலிக்கு விடச் சொன்னார்கள். அவர்களைப் பாரி நகரின் விளையாட்டரங்கில் அடைத்துவைத்த இத்தாலி, பெரும்பாலோரைத் திருப்பி அனுப்பியது.