ஆயில் குச்சியில் இரண்டு கோடு

உடன்குடிப் பக்கம் பைக் வைத்திருப்பவர்களிடம் ஆயிலைப் பற்றிக் கேட்டால் ஒரே பதில்தான் வரும்: "போன மாசம்தான் மாத்துனேன்." பழையதை இறக்கி, நட்டை முறுக்கி, 900 மில்லி பாட்டிலைக் கவிழ்த்துவிட்டால் அடுத்த முறை மாற்றும்வரை அந்தப் பக்கம் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. மாற்றுவது வேறு, அளவு பார்ப்பது வேறு. முதலாவதை மெக்கானிக் செய்வார். இரண்டாவதை வண்டிக்காரர்தான் செய்ய வேண்டும்.

காரில் ஆயில் அழுத்தம் குறைந்தால் சிவப்பு விளக்கு எரியும். ஸ்பிளெண்டர் மாதிரியான நூறு சிசி வண்டிகளில் அந்த விளக்கே கிடையாது. ஆயில் குறைவது வெளியே தெரிய வரும்போது ஹெட்டில் 'டிக் டிக்' சத்தம் கேட்டிருக்கும். மேலே இருக்கும் கேம் ஷாஃப்ட்டுக்கு ஆயில் எட்டாமல் அது தேயத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அதன்பிறகு செலவு ஆயிலோடு நிற்காது.

காருக்கும் பைக்குக்கும் இன்னொரு வேறுபாடு உண்டு. காரில் என்ஜினுக்கு ஓர் ஆயில், கியர் பெட்டிக்கு வேறு ஆயில். நம் ஊரில் ஓடும் பெரும்பாலான பைக்குகளில் பிஸ்டன், கியர் பற்கள், கிளட்ச் பிளேட் மூன்றும் ஒரே ஆயிலில்தான் மிதக்கின்றன. சின்ன வண்டிக்கு மொத்தமே ஒரு லிட்டருக்கு முன்பின்தான். அதில் 200 மில்லி காணாமல் போனாலே ஐந்தில் ஒரு பங்கு போன கணக்கு.

உடன்குடியில் ஆயில் அளவு பார்ப்பதற்குக் கூடுதல் காரணம் இருக்கிறது. மேற்கே போனால் குதிரைமொழித் தேரி, சாத்தான்குளம் தேரி என்னும் செம்மணல் மேடுகள். அந்தச் செம்மணலின் தூசி மாவுபோல நைசானது. காற்றடி காலத்தில் ரோட்டின் மேலேயே ஓடும். ஏர் ஃபில்டர் கிழிந்தோ சரியாக உட்காராமலோ இருந்தால் அந்தத் தூசி உள்ளே போய் பிஸ்டன் ரிங்கையும் போரையும் தேய்க்கும். தேய்ந்த இடைவெளி வழியே ஆயில் மேலேறி எரியும். ஊர் வழக்கில் சொன்னால் வண்டி 'ஆயில் குடிக்கும்'. பங்குனி உத்திரத்துக்குக் குலதெய்வக் கோயிலுக்குக் குடும்பத்தோடு தேரி மணலில் முதல் கியரிலேயே உறுமிக்கொண்டு போவதும், குலசேகரன்பட்டினம் தசராக் கூட்டத்தில் மணிக்கணக்கில் ஊர்ந்து போவதும் அதே கணக்கில்தான் சேரும். காற்றால் ஆறும் என்ஜினுக்கு வண்டி நகர்ந்தால்தான் காற்று. நிற்கிற வண்டியில் ஆயில் கொதிக்கும், மெலியும். இப்படி ஓட்டிய மறுநாள் குச்சியை உருவிப் பார்ப்பது நல்லது.

பார்க்கும் முறைக்கு வருவோம். வண்டியைச் சமதளத்தில் மெயின் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். சைடு ஸ்டாண்டில் பார்ப்பதுதான் பலரும் செய்வது. அந்தச் சாய்வில் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கும், குச்சி பொய் சொல்லும். மெயின் ஸ்டாண்டு இல்லாத வண்டி என்றால் ஒருவர் நிமிர்த்திப் பிடிக்க, இன்னொருவர் பார்க்க வேண்டும். மூன்று நிமிடம் என்ஜினை ஓடவிட்டு நிறுத்திவிட்டு, இன்னும் இரண்டு மூன்று நிமிடம் பொறுத்திருங்கள். இந்தக் காத்திருப்பைத்தான் அவசரக்காரர்கள் விட்டுவிடுகிறார்கள். ஓடும் என்ஜினில் ஆயில் ஹெட்டிலும் சுவர்களிலும் தெறித்துக் கிடக்கும். சூட்டில் அது அச்சுச் சிரட்டையில் ஊற்றும் கருப்பட்டிப் பாகுபோல இளகி ஓடும் என்றாலும், கீழே வந்து சேர நேரம் கொடுக்க வேண்டும். நிறுத்திய கையோடு பார்த்தால் இருப்பதைவிடக் குறைவாகக் காட்டும். அதை நம்பி ஊற்றினால் கூடிப்போகும்.

இனி மூடியைச் சுற்றிலும் துடையுங்கள். தேரித் தூசி அந்தத் துளை வழியே விழுந்தால் நேராக என்ஜினுக்குள்தான். மூடியைத் திருகிக் குச்சியை எடுத்து, நூல் பிரியாத சுத்தமான துணியால் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பாருங்கள். ஹீரோ, ஹோண்டா, யமஹா வண்டிகள் பலவற்றில் மரையைத் திருகாமல், குச்சியைத் துளையில் சும்மா உட்காரவைத்துத்தான் பார்க்க வேண்டும். திருகினால் குச்சி கூடுதல் ஆழம் இறங்கி, இல்லாத ஆயிலை இருப்பதாகக் காட்டும். திருகிப் பார்க்கச் சொல்லும் வண்டிகளும் உண்டு. உங்கள் வண்டி எது என்பதை வண்டியோடு தந்த புத்தகத்தில் ஒருமுறை பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். புல்லட், அப்பாச்சி போன்றவற்றில் பக்கவாட்டில் வட்டக் கண்ணாடி இருக்கும். அதில் குச்சி வேலையே இல்லை, வண்டி நிமிர்ந்து நின்றால் போதும்.

குச்சியில் கீழே ஒரு கோடு, மேலே ஒரு கோடு. ஈரம் இரண்டுக்கும் நடுவே நின்றால் சரி. மேல் கோட்டைத் தொட்டே ஆக வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

கீழ்க் கோட்டுக்கு வந்துவிட்டால் 50 மில்லி ஊற்றி, சற்றுப் பொறுத்து, மறுபடி பாருங்கள். ஏற்கெனவே உள்ளே இருக்கும் அதே ரகத்தை ஊற்றுவதே நல்லது. ஹீரோ வண்டிகளுக்கு 10டபிள்யூ-30, பழைய பல்சருக்கு 20டபிள்யூ-50 என்று கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பாட்டிலில் 'ஜாசோ எம்ஏ' அல்லது 'எம்ஏ2' என்ற குறி இருக்கிறதா என்றும் பாருங்கள். கிளட்ச் ஆயிலில் நனைந்திருக்கும் வண்டிகளுக்கு உரியது அது. 'எம்பி' என்பது ஸ்கூட்டருக்கானது. கார் ஆயில் மீதி இருக்கிறதே என்று ஊற்றினால் கிளட்ச் வழுக்கும் வாய்ப்பு உண்டு. ஆக்சிலரேட்டர் ஏறும், வண்டி ஏறாது.

ஆயில் மாற்றிய 1,000 கிலோமீட்டருக்குள் மேல் கோட்டிலிருந்து கீழ்க் கோட்டுக்கு வந்துவிட்டால் ஊற்றிக்கொண்டே போவதில் பயனில்லை. சைலன்சரில் நீலப் புகை வருகிறதா, கீழே சொட்டுகிறதா என்று பார்த்து மெக்கானிக்கிடம் சொல்லுங்கள். பெரும்பாலும் ரிங், வால்வு சீல், கேஸ்கட் மூன்றில் ஒன்று காரணமாக இருக்கும்.

'கொஞ்சம் கூடவே இருக்கட்டும்' என்பது நம் பக்கத்துப் பழக்கம். என்ஜினில் அது தப்பு. மேல் கோட்டைத் தாண்டினால் உள்ளே சுழலும் கிராங்க் ஆயிலைக் கடைந்து நுரையாக்கும். நுரை உராய்வைத் தடுக்காது. அழுத்தம் ஏறி சீல் வழியே கசியும். மூச்சுக் குழாய் வழியே ஏர் ஃபில்டருக்குப் போய் அதை நனைக்கும். பாட்டில் 900 என்பதற்காக வண்டியும் 900 கேட்கும் என்றில்லை. கூடியிருந்தால் மெல்லிய குழாய் மாட்டிய சிரிஞ்சை ஊற்றும் துளை வழியே விட்டுக் கொஞ்சம் உறிஞ்சி எடுப்பது எளிது. அடி நட்டைத் தளர்த்தியும் எடுக்கலாம், ஆனால் சூட்டில் கை வெந்துபோகும். திரும்ப முறுக்கும்போது பலத்தைக் காட்டினால் அலுமினிய மரை பிய்ந்துவிடும்.

யாரும் ஊற்றாமலே அளவு கூடியிருந்தால் அதுதான் பெரிய எச்சரிக்கை. பெட்ரோல் வாடை அடித்தால், கார்புரேட்டர் வண்டியாக இருக்கும் பட்சத்தில், ஊசி வால்வு மூடாமல் பெட்ரோல் கீழே இறங்குகிறது. பால் ஊற்றிய காப்பி நிறத்தில் இருந்தால் தண்ணீர். 2023 டிசம்பர் 17, 18 மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் கொட்டியது. தூத்துக்குடி மாவட்டத்திலும் தாமிரபரணிக் கரையிலும் எண்ணற்ற வண்டிகள் தண்ணீரில் முங்கின. முங்கிய வண்டியை வெளியே எடுத்ததும் கிக்கரை மிதிப்பதும், செல்ஃப் அடிப்பதும் கூடாது. முதலில் குச்சியைப் பார்க்க வேண்டும். காப்பி நிறம் தெரிந்தாலோ அளவு கூடியிருந்தாலோ ஆயிலை முழுக்க இறக்கி, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றித் தண்ணீர் வெளியேற விட்டு, புது ஆயில் ஊற்றிச் சற்று ஓட்டி, அதையும் இறக்கி மறுபடி ஊற்ற வேண்டும். இரண்டு பாட்டில் செலவுதான், என்ஜின் பிரிக்கிற செலவோடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லை.

டிவிஎஸ் எக்ஸ்எல் ஓட்டுகிறவர்களுக்குத் தனியே ஒரு வார்த்தை. திருக்குறுங்குடியில் பிறந்த டி.வி. சுந்தரம் அய்யங்காரின் பெயர் தாங்கிய நிறுவனம் 1980இல் கொண்டுவந்த டிவிஎஸ் 50இன் வாரிசு அது. பனையேறிகளுக்கும் மீன் வியாபாரிகளுக்கும் அதுதான் வண்டி. பழைய எக்ஸ்எல் டூ ஸ்ட்ரோக். பிஸ்டனுக்கான ஆயில் பெட்ரோலோடு கலந்து எரிந்துவிடும், அதில் பார்க்கக் குச்சி இல்லை. 2015இல் வந்த எக்ஸ்எல் 100 நாலு ஸ்ட்ரோக். அதற்குள் ஆயில் தங்கியிருக்கும், அளவும் பார்த்தாக வேண்டும். பழைய வண்டியிலிருந்து புதியதுக்கு மாறியவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உறிஞ்சி எடுத்த, இறக்கிய ஆயிலை வீட்டுப் பின்னால் மணலில் ஊற்றாதீர்கள். தேரி மணல் மழைநீரை அப்படியே உறிஞ்சி அடியில் சேர்க்கிற மண். அந்த நீரைத்தான் கிணற்றில் இறைக்கிறோம். பழைய பாட்டிலில் அடைத்து ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள். கழிவு ஆயிலை வாங்கிப் போக அங்கே ஆள் வருவார்.